பத்துப் பேர்ச் காணியும் ஓர் ஊரும்: புத்தளத்தில் வடக்கு முஸ்லிம் குடியிருப்புகள் உருவான வரலாறு

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால் பாதையின் இரு மருங்கிலும் தென்னந்தோட்டங்கள் தெரியும். தோட்டங்களுக்கு இடையே, மணல் ஒழுங்கைகளுக்குள்ளே, நெருக்கமாகக் கட்டப்பட்ட கல்வீடுகளும் பள்ளிவாசல்களும் சிறு கடைகளும் பாடசாலைகளும் இருக்கின்றன. இவற்றிற் பல 1990க்கு முன் இருக்கவில்லை. சில இடங்களுக்கு மன்னாரிலுள்ள ஊரின் பெயரே மறுபடியும் வழங்குகிறது. பாலாவிக்கு அண்மையிலுள்ள நாகவில்லை எருக்கலம்பிட்டி மக்களின் இரண்டாவது ஊராகவே எல்லோரும் அறிவார்கள்.

வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம், வருடந்தோறும் ஒக்டோபரில் நினைவுகூருகிறோம். வந்த இடத்தில் அவர்கள் ஊர்களைக் கட்டிய கதை அந்தளவுக்கு எழுதப்படவில்லை. "அகதி முகாம்" என்ற சொல் அந்தக் கதையை மூடிவிட்டது. முகாம் என்றால் யாரோ தந்த கூடாரம், யாரோ தந்த அரிசி என்றுதான் மனதில் படும். ஆனால் இன்று நாம் பார்க்கிற ஊர்களின் அடிநிலம் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கப்பட்டது. ஒரு குடும்பம் பத்துப் பேர்ச், இன்னொரு குடும்பம் ஐந்து பேர்ச் என்று எங்கட சனம் தங்கட உழைப்பில் வாங்கிய மண் அது. தற்காலிகமாக வந்தவர்கள் என்று அரசாங்கம் பதிந்து வைத்திருந்த மக்கள் நிரந்தரமாக முதலிட்டதெப்படி, அந்த முதலீட்டால் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் விடயம்.

வந்த விதம்

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் தமது கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். காணி உறுதியும் நகையும் கைக்காசும் பெரும்பாலும் அங்கேயே பறிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்களின் தொகை ஏறத்தாழ 75,000 என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு.

மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம் என்று பிரிந்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல் பக்கம் போனவர்களும் உண்டு. ஆனாலும் மிகப் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினர். அங்கும் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளிலேயே நெருக்கமாகக் குடியிருந்தனர். தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் வாழும் இடம், மன்னாருக்குக் கிட்டிய இடம், கடலும் தோட்டமும் உள்ள இடம் என்று அதற்குப் பல காரணங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், நாளைக்குத் திரும்பிப் போய்விடலாம் என்ற நம்பிக்கைதான். திரும்பிப் போகிறவன் தூரப் போகமாட்டான்.

புத்தளத்து மக்கள் அன்று செய்ததை வரலாறு மறக்கக் கூடாது. பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தோட்டக்காரர்கள் தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் தந்தார்கள். மதீனத்து அன்ஸாரிகளோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசாத ஜும்ஆ அன்று இருந்திருக்காது. அந்த ஒப்பீட்டில் ஒரு பகுதியை மட்டும் நாம் அதிகம் பேசவில்லை. தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழரிடம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அதை ஏற்காமல், சந்தைக்கு வழி கேட்டுப் போய் வியாபாரம் செய்தார் என்பது நாமறிந்த சம்பவம். புத்தளத்திலும் நடந்தது அதுதான். உதவி சில மாதம் வந்தது, அதன்பிறகு சந்தைக்கு வழி கேட்க வேண்டியிருந்தது.

கொட்டிலிலிருந்து உறுதிக்கு

முதல் வருடங்களில் வாழ்க்கை கிடுகுக் கொட்டிலில் கழிந்தது. தென்னோலைக் கிடுகு ஓரிரண்டு மாரிக்குத்தான் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும். அரசாங்கத்தின் உலர் உணவு நிவாரணம் கிடைத்தது, ஆனால் அதனை வைத்து ஒரு குடும்பம் சீவிக்க முடியாது. ஆண்கள் மீன்பிடிக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போனார்கள், சைக்கிளில் துணி வியாபாரம் செய்தார்கள். பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வீட்டுக்கு வெளியே கூலி வேலை செய்தறியாத பெண்கள் பலர் இதில் இருந்தார்கள். பின்னர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போவது பரவியது. அங்கிருந்து வந்த றியாலும் தினாரும்தான் பல வீடுகளுக்கு முதற் கல்.

ஏன் காணி வாங்கினார்கள்? கொட்டில் போட்டிருந்த தோட்டம் இன்னொருவருக்குச் சொந்தம். தோட்டக்காரர் நல்லவராக இருந்தாலும் அவருக்கும் பிள்ளைகள் உண்டு, தேங்காய் பறிக்கவும் வேண்டும். வருடக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் தங்கினால் நெருக்கடி வராமல் இருக்காது. அடுத்த காரணம் வடக்கு முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழமை இவர்களிடம் ஊறிப்போனது. 1990இல் பத்து வயதில் வந்த பிள்ளைக்கு 2000இல் கலியாண வயது. முகாமில் எத்தனை வருடம் இருந்தாலும் முகாமை மகளுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே உம்மா சீட்டுப் பிடித்தார், வாப்பா கடலுக்குப் போனார், காக்கா கட்டாருக்குப் போனார், அந்தக் காசெல்லாம் சேர்ந்து பத்துப் பேர்ச் ஆனது.

ஒரே ஊராக்கள் சேர்ந்து பக்கத்தில் பக்கத்தில் வாங்குவதும் நடந்தது. தோட்டத்தில் ஒரு பகுதியை உரிமையாளர் துண்டுகளாகப் பிரித்து விற்பார். அதில் ஒரு துண்டைப் பள்ளிவாசலுக்கு ஒதுக்குவார்கள். 1990களின் நடுப்பகுதி தொடக்கம் முகாமை விட்டுச் சொந்தக் காணிக்குப் போகிறவர்களுக்கு அரசாங்கமும் சிறு உதவி வழங்கியது. நலன்புரி நிலையம் என்ற பெயர் மாறி "மீளமர்த்தப்பட்ட கிராமம்" என்ற பெயர் வந்தது இப்படித்தான். 2018இல் மறைந்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இந்த மக்களின் இடப்பெயர்வைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்ரீன் புறூனும் புத்தளத்தில் தங்கி ஆய்வு செய்து 2008இல் ஒரு நூலை வெளியிட்டார். ஓரிடத்தில் வேரூன்றிக்கொண்டே இன்னோரிடத்துக்குத் திரும்பும் உரிமையையும் கைவிடாமல் வாழ்வது எப்படி என்பதுதான் இந்த மக்களின் வாழ்க்கைக் கேள்வியாக இருந்தது.

காணி வாங்குவதற்கும் உறுதி முடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அசையாச் சொத்தின் விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாளும் முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டும் உறுதியாகாது. அதோடு பல தென்னந்தோட்டங்கள் பங்குக் காணிகள். நாலு பேருக்குப் பிரிக்காமல் சொந்தமான தோட்டத்தில் ஒருவர் தன் பங்கை விற்றால், வாங்குகிறவருக்குக் கிடைப்பது "பிரிக்கப்படாத பங்கு"தான். எந்த மூலையில் எந்தப் பத்துப் பேர்ச் என்பது நில அளவைப் படத்தில் இராது. வீடு கட்டி இருபது வருடம் குடியிருந்தாலும் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அந்த இடத்தில் பிரச்சினை தொடங்கும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவை

ஒவ்வொரு குடும்பமும் தன் வேலிக்குள் செய்ததெல்லாம் சரி. வேலிக்கு வெளியே உள்ளதை யார் செய்வது? பாதை, வடிகான், குப்பை, தெருவிளக்கு, குடிநீர், மையவாடி எல்லாம் தனி ஒருவரின் சீட்டுக் காசில் வருவதில்லை. அதற்கு ஒரு பொதுச் சபை வேண்டும்.

இங்கே உள்ளூராட்சி வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஒரு காலத்தில் கிராமங்களுக்குத் தனித்தனிக் கிராமச் சபைகள் இருந்தன. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது அவை ஒழிக்கப்பட்டன. பிறகு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உருவாகின. ஒரு பிரதேச சபைக்குள் பல பத்துக் கிராமங்கள் அடங்கும். அச்சபைகளுக்கான முதலாவது தேர்தல் 1991 மே மாதம் நடந்தது. அப்போது வடக்கு முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்து ஏழு மாதம். அவர்களுடைய பெயர்கள் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள வாக்காளர் இடாப்பில் இருந்தன. ஆக, இந்த நாட்டில் "ஊர்" என்பதற்குச் சொந்தமாகச் சபை இல்லாமற்போன காலத்தில், பிரதேச சபையில் வாக்கும் இல்லாத ஒரு சனம் புதிதாக ஊர்களைக் கட்டத் தொடங்கியது.

வாக்கைப் புத்தளத்துக்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அது அவ்வளவு இலேசான முடிவல்ல. வடக்கிலிருந்து பெயரை எடுத்தால் நிவாரணம் நின்றுவிடும், திரும்பிப் போகும் உரிமையும் இழந்த சொத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமையும் பலவீனப்படும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருந்தது. ஏனென்றால் அன்றைய நிர்வாகத்தில் இடம்பெயர்ந்தவர் என்ற அந்தஸ்தும் வடக்குப் பதிவும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. பாராளுமன்றத் தேர்தல் வந்தால் புத்தளத்தில் விசேட வாக்களிப்பு நிலையங்கள் திறக்கப்படும். அங்கே போய் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். இடம்பெயர்ந்த வடக்கு முஸ்லிம்களுக்கென ஒரு செயலகமும் புத்தளத்தில் இயங்கியது. உறுப்பினர் வன்னிக்கு, நிவாரணம் தனிச் செயலகத்தில், ஒழுங்கை கற்பிட்டிப் பிரதேச சபைக்கு. வடிகான் வெட்ட யாரிடம் போவது என்பதே ஒரு கேள்வியாக இருந்தது.

உள்ளூர்ச் சனத்தின் பக்க நியாயத்தையும் இங்கே பதிய வேண்டும். வந்தவர்கள் குறைந்த கூலிக்கு நின்றதால் தோட்டக் கூலி இறங்கியது. காணி விலை ஏறியதால் உள்ளூர் ஏழைக்கு மகளுக்குக் காணி வாங்க முடியாமற் போனது. ஆஸ்பத்திரியில் வரிசை நீண்டது. பாடசாலைகளில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் மாலையில் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் படித்தார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று புத்தளத்துக்குக் கிடைத்த பல்கலைக்கழகக் கோட்டாவுக்கும் போட்டி வந்தது. பிரதேச சபைக்கு ஒதுக்கப்பட்ட காசு பழைய சனத்தொகைக்கு, அதைப் பாவித்ததோ பழையவரும் புதியவரும் சேர்ந்து. வரவேற்ற மனம் மாறியதென்று சிலர் எழுதுவார்கள். எங்கட பார்வையில் மனத்தைவிடக் கணக்குத்தான் பிழைத்தது. சனம் கூடியபோது அதற்கேற்ற ஒதுக்கீடு கூடவில்லை.

தண்ணீரை ஓர் உதாரணமாக எடுப்போம். கற்பிட்டிக் குடாநாடு மணற் பிரதேசம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் இறைப்பது இதிலிருந்துதான். தோட்டங்களுக்குப் போடுகிற உரம் இந்த நீரில் நைத்திரேற்றாகச் சேர்வதை 1980களிலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதே நீரைத்தான் புதிய குடியிருப்புகளும் குடித்தன.

இப்போது பத்துப் பேர்ச்சை அளந்து பார்ப்போம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் 2,722 சதுர அடி. சதுரமான காணி என்றால் பக்கம் ஒன்று 52 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி தூரம் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் உங்கட காணிக்குள் அந்தத் தூரம் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி உங்கட கிணற்றுக்குப் பத்தடியில் இருக்கும். அவரும் தன் காணிக்குள் சரியாகத்தான் வைத்திருக்கிறார். வேலிக்குள் எல்லோரும் சரி, ஊராகப் பார்த்தால் பிழை. குழாய்நீர்த் திட்டமோ பொதுக் கிணறோ இல்லாமல் இதற்குத் தீர்வு கிடையாது. மதீனாவில் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமாக் கிணற்றை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியதன் அருமை இப்படியான இடத்தில்தான் விளங்கும்.

2007: உலக வங்கி வீடுகள்

2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் நிதியில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்தை அங்கீகரித்தது. கிடுகுக் கொட்டில்கள் கல்வீடுகளாக மாறியதில் இத்திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. வீட்டைக் குடும்பமே கட்டும், கட்டம் கட்டமாகக் காசு கிடைக்கும் என்பது அதன் முறை. கிணறு, மலசலகூடம் ஆகியவற்றுக்கும் இடமிருந்தது. உள்ளூர் வறிய குடும்பங்கள் சிலவும் சேர்க்கப்பட்டதால் இரு பக்கத்துக்கும் இடையில் இருந்த கசப்பு ஓரளவு குறைந்தது. இந்த உதவியைப் பெறுவதால் வடக்குக்குத் திரும்பும் உரிமை இல்லாமற் போகாது என்பதும் தெளிவாக்கப்பட்டது.

ஆனால் இத்திட்டத்தின் வாசல் உறுதிதான். சட்டப்படி செல்லும் காணி உரிமை காட்டியவருக்கே வீட்டுக்காசு. ஆகவே காணிப் பத்திரங்களைச் சீர்செய்வதும் திட்டத்தின் ஒரு வேலையாக இருந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் சீட்டுக் காசில் வாங்கி நொத்தாரிசு முன்னிலையில் ஒழுங்காக எழுதுவித்தவர் 2007இல் முன்வரிசையில் நின்றார். வெள்ளைத்தாளை நம்பியவர் பின்னால் போனார். காணியே வாங்க முடியாமல் உப்பளப் பக்கத்து முகாம்களில் கிடந்தவர் அதற்கும் பின்னால். அகதிகளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டானது இப்படித்தான். 1990 ஒக்டோபரில் எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். இருபது வருடத்தில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தது பெரும்பாலும் ஒரு கடதாசிதான்.

இதே காலத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எழுந்தது. 2011இல் அதன் முதற்கட்டமும், 2014இல் 900 மெகாவோட் முழுத் திட்டமும் நிறைவேறின. கற்பிட்டியில் சுற்றுலா விடுதிகளும் பெருகின. மணலுக்கு மதிப்பு வந்தது. அன்று யாரும் விரும்பாத ஒழுங்கைக் காணியை இன்று தரகர் தேடி வருகிறார். வாங்கியவர்களுக்கு இது நல்ல செய்தி. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இனி வாங்க வேண்டும் என்பதை நினைத்தால் அவ்வளவு நல்ல செய்தியல்ல.

இரண்டு வீடு, இரண்டு பதிவு

2009இல் யுத்தம் முடிந்தது. முசலிக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகலாம் என்ற நிலை வந்தது. அரசாங்கமும் உதவி அமைப்புகளும் புதிதாக இடம்பெயர்ந்த வன்னி மக்களைக் கவனித்தன. 1990இல் வந்தவர்களுக்குப் "பழைய இடம்பெயர்ந்தோர்" என்று பெயர் வைக்கப்பட்டது. மீள்குடியேற்றத்துக்குப் பதிந்தவர்கள் பலரின் பெயர் புத்தளத்து நிவாரணப் பட்டியலிலிருந்து நீங்கியது. அங்கே போனால் வீடு இல்லை, கிணறு தூர்ந்திருக்கிறது, வயலில் காடு வளர்ந்திருக்கிறது. முசலியில் 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானிகள் வனப் பிரதேசத்தின் எல்லையை விரித்தபோது, இருபது வருடம் ஆள் இல்லாததால் காடான குடியிருப்புக் காணியா, காடாகவே இருந்த காணியா என்ற தகராறு நாட்டின் பெரிய வாதமானது.

இதனால் இரட்டை வாழ்க்கை வழக்கமானது. ஆண் முசலியில் காணி துப்புரவாக்குவார், பெண்ணும் பிள்ளைகளும் புத்தளத்தில் பாடசாலையோடு நிற்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவர் "இவங்களுக்கு ரெண்டு இடத்திலும் வீடு" என்று சொல்லிவிடுவார். ஓரிடத்தில் பறிகொடுத்ததும் இன்னோரிடத்தில் உழைத்து வாங்கியதும் ஒரே தராசில் போட வேண்டியவை அல்ல. புத்தளத்தில் பத்துப் பேர்ச் வாங்கியதால் எருக்கலம்பிட்டியில் உள்ள வாப்பாவின் வளவு இன்னொருவருக்குப் போய்விடாது.

சட்டமும் பின்னர் இதனை ஓரளவு ஏற்றது. நம் நாட்டில் ஒருவரின் காணியை இன்னொருவர் பத்து வருடம் எதிர்ப்பின்றித் தனக்கென ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். வெளியேற்றப்பட்டவர் எப்படி வந்து எதிர்ப்பார்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தன் காணிக்கு வரமுடியாதவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தது. 2017இல் வாக்காளர் பதிவுக்கும் இடம்பெயர்ந்தோருக்கான ஒரு விசேட சட்டம் வந்தது. இரண்டும் தேவையானவை, இரண்டும் கால் நூற்றாண்டு பிந்தி வந்தவை.

அடுத்த தலைமுறைக்கான கணக்கு

1990இல் முப்பது வயதில் வந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. காணி வாங்கிய தலைமுறை மௌத்தாகிக்கொண்டிருக்கிறது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, விருப்பாவணம் இல்லாமல் இறந்தவரின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் முறைப்படி பிரியும். ஒருவர் மனைவியையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் விட்டுப் போனார், சொத்து பத்துப் பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 1.25 பேர்ச். மிச்சம் 8.75. ஆண்பிள்ளை ஒருவருக்கு ஏறத்தாழ 2.92 பேர்ச், பெண்பிள்ளை ஒருவருக்கு 1.46 பேர்ச். நகர அபிவிருத்தி விதிகள் நடைமுறையில் உள்ள இடங்களில் பொதுவாக ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த துண்டை அங்கீகரிக்கமாட்டார்கள். ஆகவே பங்கு உண்டு, பிரிக்க முடியாது. வாப்பா தோட்டத்தில் வாங்கிய பிரிக்கப்படாத பங்கு பிள்ளைகள் கையில் இன்னும் சின்னப் பிரிக்கப்படாத பங்காகிறது. மகளுக்கென்று மனதில் நினைத்துக் கட்டிய வீடும் கடதாசியில் ஐந்து பேருக்குச் சொந்தம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்கலாம். பங்குக் காணியைப் பங்காளிகள் பேசி, நில அளவை செய்து, பிரிவிடல் உறுதி முடிக்கலாம். உடன்பாடு வராவிட்டால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம், ஆனால் அது பல வருடம் இழுக்கும். எழுதி வைத்த உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்ப்பது எல்லாவற்றிலும் இலேசான காரியம். இவற்றை ஒவ்வொரு வீடும் தனித்தனியே செய்வதைவிட, பள்ளி நிர்வாகம் ஒரு சட்டத்தரணியையும் நில அளவையாளரையும் அழைத்து ஊராகச் செய்வது செலவும் குறைவு, சச்சரவும் குறைவு.

அடுத்தது வாக்கு. 2018 பெப்ரவரித் தேர்தல் முதல் பிரதேச சபைகளில் வட்டாரமுறை வந்திருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். எத்தனை பேர் அந்த இடத்தில் பதிந்திருக்கிறார்கள் என்பது முன்னரைவிட இப்போது நேரடியாக ஒழுங்கைக்கும் வடிகானுக்கும் போய்ச் சேரும். வடக்கில் பதிந்திருப்பதற்கு இன்றும் நியாயமான காரணம் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. புத்தளத்திலேயே பிறந்து, படித்து, கட்டிக்கொண்டு, அங்கேயே பிள்ளை பெற்ற இளைஞருக்கு அந்தக் காரணம் இருக்கிறதா என்பதை அவரவர் குடும்பத்தில் இருந்து பேச வேண்டும். வாக்கு ஓரிடத்தில், வாழ்க்கை இன்னோரிடத்தில் என்று முப்பது வருடத்துக்கு மேல் இருந்ததன் விலையை மேலே கண்டோம். சபைக்கு வரி கட்டுகிறவரும் வாக்களிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் சபை அவருக்குப் பதில் சொல்லும்.

மூன்றாவது, பொதுவுக்கு முதலிடுவது. வீட்டுக்கு மேல்மாடி கட்டும் காசில் ஒரு பங்கு ஒரு பொதுக் கிணற்றுக்கோ, மையவாடிக்குக் கூடுதல் காணிக்கோ வக்பாகப் போகுமென்றால் அந்த வீட்டின் பெறுமதியும் கூடும். ஊர் இல்லாத இடத்தில் வீட்டுக்கு விலை இல்லை. மையவாடி நிரம்பிய ஊரில் காணி வாங்க எவரும் யோசிப்பார். இந்தக் கிணற்றில் உள்ளூராரும் வந்தவரும் சேர்ந்து தண்ணீர் அள்ளட்டும். முப்பது வருடத்துக்குப் பிறகும் "வந்தாக்கள்" என்ற சொல் இருக்க வேண்டியதில்லை.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஊர்கள் உருவான வரலாறு எந்தச் சுவடிக்கூடத்திலும் முழுமையாக இல்லை. பள்ளிவாசல்களின் கூட்ட அறிக்கைப் புத்தகங்களிலும், உம்மாமாரின் சீட்டுக் கொப்பிகளிலும், அலுமாரிக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் உறுதிகளிலும்தான் இருக்கிறது. எந்தத் தோட்டம் எந்த வருடம் பிரிக்கப்பட்டது, பேர்ச் என்ன விலை, முதலில் வந்த குடும்பங்கள் எவை, பள்ளிக்குக் காணி கொடுத்தது யார், முதல் ஜனாஸா யாருடையது என்று கேட்டு எழுத வேண்டும். கேட்டால் பதில் சொல்லக் கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தபோது உறுதிகளைப் பறிகொடுத்த சமூகத்துக்கு எழுத்தின் பெறுமதியை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வாங்கிய பத்துப் பேர்ச்சுக்கு உறுதி முடித்தது போலவே, கட்டிய ஊருக்கும் ஒரு பதிவு எழுதி வைப்போம்.